சித்தியும் நாலு மணி பார்ட்டியும்

உலகம் தோன்றிய நாளிலிருந்து பழைய கார் வாங்கியவர்கள் எல்லோரையும் ஒரு மைதானத்தில் கூட்டினால், மேடையில் நாற்காலி போட்டு உட்காரத் தகுதியுள்ள ஒரே ஆள் என் சித்திதான். மற்றவர்கள் கீழே நின்று கைதட்டலாம். அவள் பானெட்டை லேசாகத் தட்டினால் போதும், எஞ்சின் தான் செய்த பாவங்களை எல்லாம் வரிசையாக ஒப்பிக்கும். அவள் தெருவில் திரும்புவது தெரிந்தால் கார் வியாபாரிகள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுவார்கள்.

சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். பதினேழு நாள் முன்பு வரை என் சித்திக்கு பஸ்ஸில் "இறங்கணும்" என்று குரல் கொடுக்கவே பயம். வழியில் யாராவது குறுக்கே நின்றால் பேசாமல் அடுத்த ஸ்டாப் வரை போய், இறங்கி, நடந்தே திரும்பி வருவாள். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பாள். தப்பான நம்பருக்கு வந்த போனிடம்கூட "சரிங்க, வெச்சிடறேங்க" என்று மன்னிப்புக் கேட்கும் பிறவி.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பெரிய லாண்டரியில். துவைத்து, காய்ந்து, இஸ்திரி ஆகி வரும் படுக்கை விரிப்புகளை விளக்கு மேஜையில் விரித்துப் பார்க்க வேண்டும். கறை, கிழிசல், ஈர வாடை. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. விரிப்புகள் எதிர்த்துப் பேசுவதில்லை. அதனால் அங்கே அவளுக்குத் தைரியம் ஜாஸ்தி.

அந்த லாண்டரியை ஒன்றாம் தேதி முதல் ஊருக்கு வெளியே, பஸ்ஸே போகாத இடத்துக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். காலை ஆறு மணிக்கு ஷிப்ட். வண்டி இருப்பவர்கள் வண்டியில் வரலாம். இல்லாதவர்கள் அங்கேயே ஊழியர் விடுதியில் தங்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு கட்டில். குடும்பத்துக்கு அனுமதி இல்லை.

குடும்பம் என்றால் நான்தான். அம்மா வெளிநாட்டில் வேலையில் இருக்கிறாள். பத்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். ஆறு வருஷமாக நானும் சித்தியும் ஒரு படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். சித்தி விடுதிக்குப் போனால் நான் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். பெரியப்பா, யாராவது குளிக்கப் போனால் கைக்கடிகாரத்தோடு கதவுக்கு வெளியே நின்று நிமிஷத்தை எண்ணுகிற மனிதர்.

"எனக்கென்ன, ஜாலிதான். நீ போ சித்தி" என்று நான் வீடெல்லாம் சொல்லித் திரிந்தேன். சித்தி கையில் இருந்த மின்சார பில்லை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். பயம் வந்தால் அவள் கை எதையாவது விரிப்பு மாதிரி மடித்துக்கொண்டே இருக்கும்.

லாண்டரியில் இரண்டு வருஷம் டெலிவரி வேன் ஓட்டியவள் என்பதால் ஓட்டத் தெரியும். வாங்கத்தான் தெரியாது. அவளுடைய மொத்தச் சேமிப்புக்கும் ஒரே ஒரு கார்தான் வரும். அது ஓட்டையாக அமைந்தால் இன்னொன்றுக்கு வழியில்லை. முக்குக் கடை மெக்கானிக்கிடம் போய்க் கேட்டோம். வாயில் ஸ்பேனரைக் கவ்வியபடியே பேசுகிறவர்.

"சூடா இருக்கிற எஞ்சினைப் பாக்காதே. ஆறவெச்சு, ஸ்டார்ட் பண்ணிக் கேளு. ஆர்.சி. புஸ்தகத்துல இருக்கிற நம்பரும் வண்டியில அடிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாரு. கடைசியா என்னைக் கூப்பிடு. மெக்கானிக் பாக்கக் கூடாதுன்னு எவனாவது சொன்னா, காசை எடுத்துக்கிட்டு ஓடி வந்துடு."

"சரிங்க" என்றாள் சித்தி.

அந்த "சரிங்க"வை வைத்துக்கொண்டு எந்த வியாபாரியிடமும் போக முடியாது. அதனால் வீட்டில் ஒத்திகை வைத்தேன். கண் மையில் மீசை வரைந்துகொண்டு நான் வியாபாரி ஆனேன். சமையலறை ஸ்டூலை விற்க முயன்றேன்.

"மேடம், ஒரே ஓனர். டாக்டர் உக்காந்த ஸ்டூல். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் உக்காருவார்."

"நல்லாத்தான் இருக்கு."

"சித்தி! ஒரு கால் ஆடுது பாரு!"

"பாவம், நீ இவ்வளவு நேரம் பேசியிருக்கே. எப்படி வேணாம்னு சொல்றது?"

அன்று சாயங்காலத்துக்குள் அவள் ஸ்டூலையும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கேஸ் அடுப்பையும், பக்கத்து வீட்டுப் பூனையையும் வாங்கியிருந்தாள்.

முதலில் போன கடையில் ஒரு நீலக் கார். உள்ளே கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை முகத்தில் அறைந்தது. கடைக்காரர், "புதுசு மாதிரி மணக்குது பாருங்க" என்றார். சித்தி மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள். அறுநூறு விரிப்பு மூக்கு. குனிந்து காலடியில் கிடந்த விரிப்பை மோந்தாள். பிறகு சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள், உள்ளே சுருண்டு கிடந்த கடைசி முழம் வரை. அங்கே குறுக்கே மங்கலாக ஒரு பழுப்புக் கோடு.

"துணி தண்ணியில ஊறிக் காஞ்சா, எதுவரைக்கும் ஊறிச்சோ அங்க இப்படிக் கோடு விழுங்க" என்றாள் மெல்ல. "இந்த வண்டி முழுகியிருக்கு."

"யார் சொன்னது? அது அழுக்கு மேடம். துடைச்சாப் போயிடும்."

"போகாதுங்க. இது என் வேலை."

அவ்வளவுதான் சொன்னாள். வெளியே வந்ததும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வளையல் போட்ட மாதிரி அச்சு விழுந்துவிட்டது.

இன்னும் நாலு கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் கார் இருந்தது, காகிதம் இல்லை. ஒன்றில் காகிதம் இருந்தது, அதில் இருந்த நம்பர் வேறு காருடையது. தேதி இருபத்தைந்து ஆனது. விடுதியில் கட்டில் வேண்டுமா என்று கேட்கும் படிவம் வீட்டு மேஜையில் கிடந்தது. சித்தி அதை மடிப்பாள், பிரிப்பாள். காலையில் எழுந்து பார்த்தால் பெயர் மட்டும் நிரப்பி இருந்தது.

இருபத்தாறாம் தேதி காலை சாம்பல் நிறச் சின்னக் கார் ஒன்றைப் பார்த்தோம். அந்தக் கடைக்காரர் வாசலில் நுழைகிற எல்லோரிடமும் "நீங்க நம்ம குடும்பம்" என்பார். நான் அவருக்குக் குடும்பஸ்தர் என்று பெயர் வைத்தேன்.

சித்தி பானெட்டைத் தொட்டாள். "ஏங்க சூடா இருக்கு?"

"இப்பதான் கழுவிக் கொண்டுவந்தோம் மேடம்."

"ஆறட்டும். நான் உக்காந்திருக்கேன்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். குடும்பஸ்தர் இரண்டு முறை டீ கொடுத்துப் பார்த்தார். எஞ்சின் ஆறியபின் சாவியைத் திருப்பினால், இருமாமல் திக்காமல் ஒரே மூச்சில் எழுந்தது. பெல்ட்டில் கோடு இல்லை. நம்பர் ஒத்துப்போனது. சித்தியின் கண்ணில் முதல்முறையாக ஆசையைப் பார்த்தேன். அதைக் குடும்பஸ்தரும் பார்த்துவிட்டார்.

"எங்க மெக்கானிக் ஒரு தடவை பாத்துட்டா..." என்று ஆரம்பித்தாள்.

"ஐயோ மேடம், அதுக்கெல்லாம் நேரம் இல்ல. நாலு மணிக்கு வேற பார்ட்டி அட்வான்ஸோட வர்றார். இப்பவே கையெழுத்துப் போட்டா வண்டி உங்களுது. நம்ம குடும்பமாச்சேன்னு சொல்றேன்."

சித்தி அவர் கொடுத்த விசிட்டிங் கார்டை மடித்தாள். உதடு "ச" என்று பிரிந்ததை நான் பார்த்தேன். ஆனால் வந்த சொல் வேறு. "யோசிச்சுச் சொல்றேங்க."

எழுந்து வெளியே வந்தாள். அடுத்த கடை வாசல் வரைதான் நடக்க முடிந்தது. அங்கேயே நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு. நாலு மணிக்குப் போயிடும். அதைவிட நல்ல வண்டி கிடைக்காது."

வீட்டுக்கு வந்து படிவத்தில் முகவரியும் எழுதினாள்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றரை மணிக்குத் தெருமுனைச் செருப்புக் கடைக்குப் போய் கடைக்காரர் போனை இரவல் வாங்கி, சித்தி மடித்த விசிட்டிங் கார்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன். திட்டம் எளிமையானது. நாலு மணி பார்ட்டியாக நானே பேசி, வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆண்குரல் எனக்கு நாலு சொல்லுக்கு மேல் தாங்காது. கீச்சென்று நழுவும்போதெல்லாம் இருமி மறைத்துக்கொண்டேன்.

"நான் நாலு மணிக்கு வர்றதாச் சொன்ன பார்ட்டி. லொக். சாம்பல் கலர் வண்டி."

அந்தப் பக்கம் குடும்பஸ்தர்: "எந்தப் பார்ட்டி?"

"அதான் சார், அட்வான்ஸ் பார்ட்டி. லொக் லொக். எனக்கு வேண்டாம். கேன்சல்."

போனில் டீ டம்ளர் மேஜையில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு குடும்பஸ்தர் தேன் ஒழுகச் சொன்னார்: "சரிங்க சார். உடம்பைப் பாத்துக்கோங்க."

உலகத்தையே ஏமாற்றிவிட்ட பெருமையில் வீடு திரும்பினேன். ஆறு மணிக்கு சித்திக்கு குடும்பஸ்தரிடமிருந்து போன் வந்தது. அந்தப் பார்ட்டி வரவில்லை, நாளைக் காலை வந்து முடித்துக்கொள்ளலாம், ஆனால் சொன்ன விலையில் மாற்றம் இல்லை, மெக்கானிக் பேச்சே வேண்டாம் என்றார்.

மறுநாள் அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தோம். பக்கத்து மேஜையில் ஒரு கணவன் மனைவி இன்னொரு காருக்காகக் காத்திருந்தார்கள். குடும்பஸ்தர் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

"உங்க வீட்டு அவசரம் எனக்குப் புரியுது மேடம். அந்தப் பார்ட்டி போன்ல கூப்பிட்டு வேணாம்னுட்டார். பாவம், நல்ல இருமல். குரல்கூட சின்னப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மணி பார்ட்டி என்று ஒருவர் கிடையவே கிடையாது. அவசரப்படுத்துவதற்காக இவர் வாயிலேயே பிறந்த பிள்ளை. இல்லாத பிள்ளை போன் பண்ணிப் பேசினால் பெற்றவருக்குத் தெரியாதா? நாங்கள் அந்தக் காருக்கு எவ்வளவு தவிக்கிறோம் என்று நானே போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன். காது மடல் கொதித்தது. சித்தி கையெழுத்துப் போடுவாள், மெக்கானிக் பார்க்காத வண்டி பாதி வழியில் நிற்கும், வேலையும் போகும், எல்லாம் என்னால்.

சித்தி மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். மடிக்க ஒன்றும் கிடைக்காமல் தன் துப்பட்டா நுனியை மடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப அவர் நிஜமாவே வேணாம்னுட்டாரா?"

"ஆமா மேடம்."

"வேற யாரும் கேக்கலையே?"

"இப்போதைக்கு இல்ல. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அப்ப அவசரம் ஒண்ணும் இல்லையே. நேத்து அந்தப் பார்ட்டி வர்றார்னுதான மெக்கானிக்குக்கு நேரம் இல்லேன்னீங்க? அவர் வரலை. பதினோரு மணிக்கு எங்க மெக்கானிக் வருவார்."

குடும்பஸ்தர் வாயைத் திறந்தார். பார்ட்டியே பொய் என்று சொன்னால் பக்கத்து மேஜைக்குக் கேட்கும். பார்ட்டி இருக்கிறார் என்றால், இப்போதுதான் இல்லை என்றார். வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"எங்க ரூல்ஸ்ல அது..."

"ரூல்ஸ் எழுதியிருந்தாக் கொடுங்க. படிச்சுப் பாக்கறேன்." சித்தியின் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "இல்லேன்னா நாங்க கிளம்பறோங்க."

நிஜமாகவே எழுந்துவிட்டாள். பக்கத்து மேஜைக் கணவர் தன் மனைவியிடம், "நாமளும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரலாமா?" என்றார்.

"உக்காருங்க மேடம், உக்காருங்க! நீங்க நம்ம குடும்பம்!"

மெக்கானிக் வந்தார். காருக்கு அடியில் கால் மட்டும் தெரிய அரை மணி நேரம் கிடந்தார். என் வாழ்க்கையிலேயே நீளமான அரை மணி. எழுந்து வந்து, "முன் டயர் ரெண்டும் தேஞ்சு போச்சு. பேட்டரி கிழம். மத்தபடி நல்ல வண்டி" என்றார். சித்தி டயரும் பேட்டரியும் மாற்றித் தருவதாகக் காகிதத்தில் எழுதி வாங்கினாள். மாற்றியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அன்று மத்தியானமே வண்டி எங்களுடையது.

வீடு திரும்பும்போது நான் பக்கத்து சீட்டில் கால் மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"பரவால்ல சித்தி. உன் அதிர்ஷ்டம், அந்தப் பார்ட்டி தானா கழண்டுக்கிட்டார்."

"ம்ம். நல்ல மனுஷன்." சிவப்பு விளக்கில் நிறுத்தினாள். "இருமலுக்கு ஏதாவது சாப்பிட்டாராமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"செருப்புக் கடைக்காரர் நேத்து சாயங்காலம் என்னை நிறுத்திக் கேட்டார். 'உங்க வீட்டுப் பொண்ணுக்கு நெஞ்சுச் சளியா, என் போனைப் பிடிச்சுக்கிட்டு அப்படி இருமுதே'ன்னு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். "அப்ப கடைக்குப் போறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா அந்த ஆள்கிட்ட அப்படிப் பேசினேன்? ராத்திரி பூரா யோசிச்சு வெச்சிருந்தேன்." அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா, நான் விடுதிக்குப் போனா உனக்கு ஜாலின்னு சொன்னியே. அப்புறம் ஏண்டி போய் இருமின?"

"சும்மா. தூசி."

பச்சை விழுந்தது. சித்தி கியரைப் போட்டாள்.

"கண்ணுலயுமா?"