மாரியப்பனின் முதுகை அமுக்கியது நான்தான்

எங்கள் தாராவி கராத்தே வகுப்பில் நாற்பதைத் தாண்டியவர்கள் நானும் மாரியப்பனும் மட்டும்தான். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. தோல் பட்டறையில் தையல் மிஷின் மிதிக்கிறார். அடுத்த மாதம் பெல்ட் டெஸ்ட். அவருடைய உதை இன்னும் இடுப்பைத் தாண்டவில்லை.

இன்று காலை இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, "முதுகுல நல்லா அமுக்கும்வே" என்றார்.

அமுக்கினேன். "வலிக்கா?" என்று கேட்டேன்.

"வலிச்சாத்தான்வே கால் மேல போவும். இன்னும் அமுக்கும்."

இன்னும் அமுக்கினேன். அவர் தொடைக்குப் பின்னால் 'டப்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. மாரியப்பன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். தொடைத் தசை கிழிந்துவிட்டது, மூன்று மாதம் மிஷின் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

பதறியடித்து வந்த அவர் மனைவி என்னிடம்தான் கேட்டார். "எப்படி ஆச்சு அண்ணாச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாரியப்பன், "நானாத்தான் வேகமா குனிஞ்சிட்டேன். அவரு தள்ளி நின்னாரு" என்றார்.

"நல்லவேளை, கூட நீங்க இருந்திய" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு டீ வாங்கி வந்தார் அந்த அம்மா. நானும் வாங்கிக் குடித்தேன்.

நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியாக வேண்டும். காலை உயரமாகத் தூக்குவது எப்படி என்று காட்ட ஆயிரம் வீடியோ இருக்கிறது. இதை எப்படி ஆரம்பிப்பது என்று ஒன்றிலும் இல்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.