அக்கா பள்ளிக்கூடம் போன நாள்

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு ஹால்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அப்பா பைப் கடையைத் திறக்கக் கிளம்பியதும் அம்மா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொள்வாள். அந்த நிமிடத்திலிருந்து அவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். முதலில் ஜெபம், அப்புறம் ஒரு சங்கீதம், அப்புறம் அட்டெண்டன்ஸ். வகுப்பில் இருந்தது அக்காவும் நானும் மட்டும். இருந்தாலும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். நாங்களும் எழுந்து நின்று, ‘பிரசன்ட் மிஸ்’ என்போம். எங்களுக்காக வேலையை விடும்வரை அம்மா கணக்கு டீச்சராக இருந்தவள். அறுபது பிள்ளைகளுக்குப் பேசிய தொண்டை. இரண்டு பேருக்காக அதைத் தணித்துக்கொள்ள அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. தெருவில் கீரை விற்கிறவருக்குக்கூடப் பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்திருக்கும்.

எங்கள் வருஷம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிற வருஷம் இல்லை. தவக்காலம் வந்தால் கதைப்புத்தகங்கள் பீரோவுக்குள் போய்விடும். அறுப்பின் பண்டிகைக்கு மாடித் தொட்டியில் காய்த்த கத்தரிக்காயைச் சர்ச்சுக்குக் கொண்டுபோவோம். அதுதான் தாவரவியல். பொங்கலன்று அவனியாபுரத்துக் காளைகளுக்கான மைக் சத்தம் எங்கள் ஜன்னலுக்குள் வரும். அன்று மட்டும் அம்மாவே சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள்.

சர்ச்சில் எங்களை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். இந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் தேவபயம் இல்லை, ஆகவே பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வீட்டிலேயே வளர்க்கிறோம் என்று அப்பா ஒருமுறை சாட்சி சொன்னார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். சமயநல்லூரிலிருந்துகூட ஒரு சபையார் அவரை அழைத்துப் பேசச் சொன்னார்கள். அப்பா போய் நன்றாகவே பேசிவிட்டு வந்தார். அவருடைய சாட்சியில் லாரி மட்டும் வராது.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஒரு மழைக்கால சாயங்காலம், பள்ளி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வர ரோட்டைத் தாண்டினான். லாரி வந்துவிட்டது. அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. அக்கா மூன்றாம் வகுப்பு. அன்று காய்ச்சல் என்று அவளை அனுப்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரையும் எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஆபிரகாமுக்கு ஈசாக்கு என்று ஒரு மகன் இருந்ததைத் தெரிந்துவைத்திருந்ததைப் போலத்தான் தெரியும். அண்ணன் எனக்கு ஹாலில் மாட்டிய ஒரு போட்டோ. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் படித்தோம்.

அக்காவுக்கு அப்படி இல்லை. அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவள். இன்டர்வெல் என்றால் என்ன, கடைசி பெஞ்ச் என்றால் என்ன, ஒருத்தி வாந்தியெடுத்தால் வகுப்பே எப்படி மூக்கைப் பொத்தும் என்றெல்லாம் எனக்குச் சொல்வாள். பதிமூன்று வயது வந்தபிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கார்த்திகா பள்ளிவிட்டு வருகிற நேரத்துக்கு மட்டும் வாசலில் நிற்பாள். ‘என்னையும் சேத்து விடுங்கப்பா’ என்று ஒருமுறை கேட்டாள். ‘கர்த்தருக்குச் சித்தமானா பாப்போம்மா’ என்றார் அப்பா. வீட்டில் வேண்டாம் என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். அதைக் கர்த்தர் தலையில் போட்டுவிடுவார்கள்.

எனக்கு எட்டு வயதானபோது வந்த டிசம்பர் அது. வெயிலே இல்லாத, துணி காயாத நாட்கள். அண்ணன் போன அந்த மாதம் வந்தாலே அம்மா பாடத்தை இன்னும் சத்தமாக நடத்துவாள், மற்ற நேரத்தில் பேசவே மாட்டாள். அன்றைக்கும் ஜெபம் முடிந்தது. சங்கீதம் முடியும்போதே அக்காவின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பாத்ரூமில் இருக்கிறாள் என்று நினைத்தோம். அம்மா அக்காவின் பெயரைக் கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். பாத்ரூம் கதவு திறந்தே கிடந்தது. மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கி வந்தாள்.

பக்கத்து வீட்டு அத்தை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “காலைல வந்துச்சேக்கா. கார்த்திகாகூட உள்ள குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்துச்சு. நான் அடுப்படில இருந்தேன், கவனிக்கலயே.”

அம்மா முழுதும் கேட்கவில்லை. செருப்புப் போடாமல், போனை எடுக்காமல், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளையைக் காணோம் என்றால் கடைகளில் பார்ப்பார்கள், சந்துகளில் பார்ப்பார்கள், எதிரே வருகிறவர்களிடம் கேட்பார்கள். அம்மா ஒருவரிடமும் கேட்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தாள். ஓரமாக நடந்துகொண்டே, தாரின்மேல், பஸ் போன இடத்தில், லாரி நின்ற இடத்தில், குனிந்து குனிந்து பார்த்தாள். இரவு பெய்த மழை குழிகளில் தேங்கியிருந்தது. அதையும் உற்றுப் பார்த்தாள்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, எதையாச்சும் தொலைச்சுட்டீகளா?” என்றார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா என்ன காசா, கீழே விழுந்து கிடக்க என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனபிறகு அப்பாவின் பைக் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கடை போனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வீட்டுக்குப் போய், எங்களைக் காணாமல், ரோட்டுக்கு வந்திருக்கிறார்.

“நல்லாருக்கா. ஒண்ணுமில்ல. ஸ்கூல்ல இருக்காளாம், அங்கருந்துதான் பேசுனாக.”

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். “ஸ்கூல்லருந்தா பேசுனாக?”

“ஒண்ணும் ஆகல. நான் அவகிட்டயே பேசிட்டேன். நீ ஏறு.”

அம்மா ஏறவில்லை. அப்படியே ரோட்டோரத்தில், பஞ்சர் கடை டயர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து அவளைத் தூக்கிவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். கார்த்திகாவின் பள்ளியில் அரைப்பரீட்சை முடிந்திருந்தது. அன்று பாடம் கிடையாது, கிறிஸ்துமஸ் விழா மட்டும். ‘யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாக, கூட்டத்தோட கூட்டமா உக்காந்துட்டு மத்தியானம் ஓடி வந்துரலாம்’ என்று கார்த்திகா சொல்லியிருக்கிறாள். தன் பழைய யூனிஃபார்மைக் கொடுத்து, இரட்டைச் சடை மடித்து, ரிப்பனும் கட்டிவிட்டிருக்கிறாள். அக்கா கூட்டத்தில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். மேடையில் பாட வந்த பிள்ளைகள் இரண்டாவது சரணத்தில் வரி தெரியாமல் நின்றுவிட, கீழேயிருந்து ஒரு குரல் மட்டும் தொடர்ந்து பாடியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு பாட்டையும் எல்லாச் சரணமும் மனப்பாடமாகப் பாட வேண்டும். பாட்டு டீச்சர் சந்தோஷப்பட்டு அவளை மேடைக்கு இழுத்துப்போய்ப் பாடவைத்துவிட்டு, கைதட்டல் ஓய்ந்ததும், ‘எந்த செக்‌ஷன்மா நீ?’ என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

நாங்கள் போனபோது அவள் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் சுவரை ஒட்டி நின்றாள். கார்த்திகாவின் உடை அவளுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றது. கார்த்திகா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அக்கா அழவில்லை. அவள் முகத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அது எங்களைப் பார்த்ததும் அணைந்தது.

“நாங்க உள்ள விட்டது தப்புத்தான் சார்,” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். “ஆனா அம்புட்டு நல்லாப் பாடுது உங்க பொண்ணு. வயசுக்கேத்த வகுப்புல சேத்துக்கிறோம். ஜூன்ல கூட்டிட்டு வாங்களேன்.”

அப்பா கைகூப்பினார். “கர்த்தருக்குச் சித்தமானா பாப்போம் மேடம்.”

அம்மா அறைக்குள் வரவே இல்லை. வராந்தாவில் நின்றாள். விழா முடிந்து பிள்ளைகள் கையில் கேக் துண்டோடு அவளைக் கடந்து ஓடினார்கள். ஒரு சின்னப் பிள்ளை அவள்மேல் மோதிவிட்டு, ‘ஸாரி மிஸ்’ என்று சொல்லிவிட்டு ஓடியது. அம்மா அந்தப் பிள்ளை போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பைக்கில் ஏற அக்காவை அம்மா விடவில்லை. ஆட்டோ பிடித்து, எங்கள் இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா பின்னாலேயே வந்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் படுக்கையறையில் முழங்காலிட்டவர் வெகுநேரம் எழவில்லை. யாரும் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் தயிர்சாதம் கிடைத்தது. அக்காவுக்கு அடி விழும் என்று நான் எதிர்பார்த்தேன். உள்ளபடி சொன்னால், ஆசைப்பட்டேன். காலையிலிருந்து நல்ல பிள்ளையாக இருந்தது நான்.

அடி விழவில்லை. உடையை மாற்றப் போன அக்காவை, ‘இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்’ என்று அம்மா தடுத்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சாயங்காலம், தெருவில் மற்றப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வருகிற நேரத்தில், அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டம்ளரில் பால் ஆற்றினாள். கிறிஸ்துமஸுக்கென்று சுட்டு, நாங்கள் தொடக்கூடாது என்று டின்னில் போட்டு மூடியிருந்த முறுக்கைத் தட்டில் எடுத்து வைத்தாள். அக்காவை உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?”

அக்கா முதலில் மிரண்டாள். விசாரணை என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அம்மாவின் குரல் டீச்சர் குரலாக இல்லை. எங்கே உட்கார்ந்தாய், பக்கத்தில் யார், ஃபேன் ஓடியதா, தண்ணீர் குடித்தாயா, சிரித்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா சொல்லச் சொல்ல, விட்டுப்போன இடத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்டாள். எங்களிடம் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்பானேன், பாடம் நடத்தியவளே அவள்தானே. அக்காவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மேடையில் பாடியதைச் சொன்னபோது கையைக்கூட ஆட்டினாள். அப்பா எழுந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் சொல்லி முடிந்தது. முறுக்கும் தீர்ந்தது. அம்மா அக்காவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“வரும்போது ரோட்டப் பாத்துத்தானே தாண்டுன?”

அக்கா அவளையே பார்த்தாள். அப்புறம் அம்மாவின் தலைக்கு மேலே, சுவரில் இருந்த அண்ணன் போட்டோவைப் பார்த்தாள்.

“பாத்துத்தாம்மா தாண்டுனேன். ரெண்டு பக்கமும் பாத்தேன். வண்டி எதுவும் வரல. பத்திரமா வந்துட்டேன்.”

“அது பொய்!” என்று நான் கத்தினேன். “அவ எங்கம்மா தாண்டுனா? நம்மகூட ஆட்டோலதான வந்தா!”

அப்பா என் தோளைப் பிடித்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். பிடியைத் தளர்த்தவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ‘சரிப்பா, சரிப்பா’ என்றாள். பெண்பிள்ளைகளான எங்களை அவள் அப்படிக் கூப்பிடுவதே இல்லை.

பொய் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு எழுத்துக்கு முன்பே கற்றுத்தரப்பட்ட கட்டளை. அதைக் கற்றுத்தந்தவளே ஒரு பொய்யைக் கேட்டு வாங்கி, அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்ட அக்கா, சாயங்காலம் கண் தாழ்த்தாமல் சொல்கிறாள். அப்பா அதைக் கேட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அந்த வீட்டில் உண்மை பேசிய ஒரே ஆள் நான்தான் என்று, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.