உறையின் கடைசி வரி

1990 செப்டம்பர் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை. மைசூர் விஜயநகரில் எங்கள் வீடு. காலை ஏழு முப்பத்தைந்துக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது, தொழிற்சாலைச் சீருடையில் கேட்டருகே நின்ற பக்கத்து வீட்டுக்காரர். ஹெப்பாளுக்குப் போகும் அவருடைய கம்பெனி பஸ் ஏழு பத்துக்கே போய்விடும். அதை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

கையில் ஒரு கடித உறை. அவர் மனைவிக்கு எழுதியது, திரும்பி வந்திருந்தது.

மனைவி குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இங்கே அவரும் ஒன்பது வயது மகளும். அந்தப் பெண்ணுக்குக் கன்னடம்தான் எழுதப் படிக்க வரும். அதனால் அம்மாவின் தமிழ்க் கடிதங்களை அப்பா உரக்க வாசிப்பார். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் பாதி காலி மனைகள். ஞாயிறு காலை, தூறல் விட்ட அமைதியில், அந்தக் கடிதம் எங்கள் சமையலறை வரை கேட்கும். குவைத் வெயிலும் வார்டு சங்கதிகளும் எங்களுக்கும் மனப்பாடம். ஆகஸ்டில் இராக் படைகள் குவைத்துக்குள் புகுந்த பிறகு அந்தக் குரல் நின்றுவிட்டது. தொலைபேசித் தொடர்பும் அறுந்துபோனது.

"போஸ்ட் ஆபீஸ்ல சொல்றாங்க சார், வெறும் குவைத்துன்னு போட்டா எடுக்கிறதே இல்லையாம். அடியில இராக்குன்னு சேர்த்தா ஒருவேளை போகுமாம். சேர்க்கட்டுமா?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் ஓர் ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியர். குவைத் இனித் தன் மாகாணம் என்று இராக் அறிவித்த செய்தி என் மேசை வழியாகத்தான் போனது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: ஒரு தரப்பு உரிமை கொண்டாடினால், 'என்று அது கூறுகிறது' என்ற ஒட்டு இல்லாமல் அச்சுக்குப் போகக்கூடாது. அன்று அந்த ஒட்டைச் சேர்த்தவன் நான்.

"சேர்க்காதீங்க" என்றேன். அண்டை நாட்டைப் படை அனுப்பிப் பிடித்தால் அது சொந்தமாகிவிடாது, உலக நாடுகள் கூடி அந்த இணைப்பு செல்லாது என்று தீர்மானம் போட்டிருக்கின்றன, நாமே இராக் என்று எழுதினால் ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டதாகும் என்று விளக்கினேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "நியாயமெல்லாம் உங்க பேப்பர்ல போடுங்க. குவைத்துல இருக்கிறவளுக்குக் காயிதம் போய்ச் சேரணுமா வேண்டாமா?"

அவர் தலையாட்டினார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா."

அடுத்தடுத்து இரண்டு கடிதங்கள் எழுதினார். வெறும் குவைத். இரண்டும் திரும்பி வந்தன.

செப்டம்பர் கடைசியில் அவர் மறுபடி எங்கள் வாசலில் நின்றார். இந்த முறை கையில் மனைவியின் கடிதம். உறையில் இராக்கின் தபால்தலை. அனுப்புநர் முகவரியின் கடைசி வரியில், அந்த அம்மாவின் குண்டு எழுத்தில், குவைத், இராக். கடிதத்தை என்னிடமே நீட்டினார்.

மருத்துவமனை நர்சுகள் குழு குழுவாக பாக்தாத் வழியே ஜோர்டானுக்குப் புறப்படுகிறார்கள். அங்கிருந்து பம்பாய்க்கு விமானம். வார்டில் நோயாளிகளை விட்டு வரலாமா என்று கேட்டு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. இருக்கச் சொல்கிறீர்களோ என்று நினைத்து முதல் குழுவில் என் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். மற்ற பெண்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் வருகிறதே, உங்களுக்கு என்ன கோபம்? இவ்வளவுதான் அதன் சாரம். மனைவி அப்படிக் கேட்டு எழுதிய இரண்டும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை. திரும்பி வந்த மூன்று உறைகளுக்குள்ளும் ஒரே விஷயம்தான் இருந்தது: உடனே புறப்பட்டு வா.

அவர் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். கையோடு கொண்டுவந்த புதிய உறையை எங்கள் கேட் சுவர்மேல் வைத்து எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார். பிறகு இராக் என்று எழுதினார்.

என்மேல் கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவரோ என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பகல் வேலையிலும் அந்த ஒரு சொல்லைத் தாண்டி எனக்கு எதுவும் ஓடவில்லை. தினமும் டெலிபிரிண்டர் தாளில் பம்பாயில் இறங்கியவர்கள் பற்றிய செய்தியைத் தேடுவேன். வீடு திரும்பினால் சுவருக்கு அப்பாலிருந்து அவர் மகள் பாதிக் கன்னடத்தில் கேட்பாள்: "அங்கிள், இன்னிக்கு ப்ளேன் பந்துதா?" வந்தது, ஆனால் அம்மா அதில் வந்தாரா தெரியவில்லை என்பேன். "உங்க பேப்பர் வேஸ்ட் அங்கிள்" என்று ஓடிவிடுவாள்.

அக்டோபர் பாதியில் ஒரு காலை, மைசூர் ஸ்டேஷனில் அந்த அம்மா வந்து இறங்கினார். ஒரு தோள்பை, ஆஸ்பத்திரிச் செருப்பு. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டார். கடிதம் கிடைத்ததா என்று நான்தான் கேட்டேன்.

கிடைத்தது. போய்ச் சேரப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவர்கள் மருத்துவமனையிலிருந்து கடைசிப் பேருந்து புறப்பட்டது, கடிதம் போட்ட பதின்மூன்றாம் நாள்.