இரண்டு பூச்சு வெள்ளிப் பெயிண்ட்

வீட்டு கேட்டுக்கு அடித்தது போக மீந்த வெள்ளிப் பெயிண்ட் அது. கால் டப்பா இருந்திருக்கும். மூடியை நெம்பித் திறந்தபோது மேலே பாலாடை போல ஒரு தோல் படிந்திருந்தது. அதைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு, ஒன்றரை அங்குல பிரஷ்ஷை உள்ளே விட்டேன். எண்பதை நெருங்கும் இந்த வயதில் எத்தனையோ மறந்துவிட்டது. அந்த டப்பாவின் எடை மட்டும் என் இடது கையில் இன்னும் இருக்கிறது.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். உராய்வைப் பற்றி எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, மஸ்கட்டில் இருந்த என் மகன் எங்களுக்கு ஒரு வெள்ளைக் கார் வாங்கிக் கொடுத்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு டிரைவர் வந்துபோனார். அவருடைய அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தத் தெருவில் முதன்முதலில் லைசென்ஸ் எடுத்தவர் அவர்தான். எங்கள் பங்கு மாதா கோயிலுக்குத்தான் அவரும் வருவார். அன்றைக்கு நான் அவரை 'வாப்பா, போப்பா' என்றுதான் கூப்பிட்டேன். 'அவர்' என்று எழுதுகிற மரியாதை எனக்குக் காலம் கடந்து வந்தது.

வளைகுடா விசாவைப் பற்றித் தெருவுக்குத் தெரு பேச்சாக இருந்த காலம். மகன் தன் கம்பெனிக்கு ஒரு டிரைவர் தேவைப்படுவதாகவும், பொங்கலுக்கு வரும்போது இவர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும் போனில் சொல்லியிருந்தான். அவர் உடனே பாஸ்போர்ட் எடுத்தார். அது வந்த அன்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "ஒவ்வொரு பக்கமும் வெறுமனே இருக்கு சார். நெறயணும்" என்றார். அவருடைய குடும்பம் மொத்தமும் அந்த ஒரு விசாவைத்தான் நம்பியிருந்தது.

அதே போனில் மகன் இன்னொன்றும் சொன்னான். "இங்க எல்லாரும் காலிப்பருக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்கப்பா. அலாய் வீல் வழியா பார்த்தா சும்மா கும்முனு இருக்கு. நம்ம வண்டிக்கும் அடிக்கச் சொல்லுங்க." சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு டிஸ்க், பிரேக்கை மிதித்தால் அதைக் கவ்விப் பிடிக்கிற கவ்வி காலிப்பர். இரண்டுமே அந்த ஐப்பசி கார்த்திகை மழையில், ஓடாமல் ஷெட்டில் நின்று, துருவேறிக் கிடந்தன.

டிரைவர் அந்த வேலையைச் செய்த விதத்தை நான் ஈஸி சேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி மரக்கட்டைகள் மேல் நிறுத்தினார். முன்சக்கரங்களைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் காலிப்பரைத் தேய்த்தார். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். டிஸ்க்கின் மேல் ஒரு சொட்டும் தெறிக்காதபடி பழைய செய்தித்தாளைச் சுற்றி டேப் ஒட்டினார். திருச்சியிலிருந்து வரவழைத்த, சூடு தாங்கும் சிவப்புப் பெயிண்டை மெல்லிசாக மூன்று முறை அடித்தார். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே காயவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டு வந்தார்.

"டிஸ்க்கு துருவா இருக்கேப்பா?" என்று கேட்டேன்.

"அதைத் தொடக்கூடாது சார். நாலு தடவ பிரேக் புடிச்சா அதுவா வெளுத்துடும்."

மறுநாள் காலை அவர் கோயிலில் பந்தல் வேலைக்குப் போயிருந்தார். சக்கரங்கள் இன்னும் கழற்றியபடியே இருந்தன. அடுத்த நாள் மகன் வருகிறான். சிவப்புக் காலிப்பருக்குப் பக்கத்தில் துரு முன்னைவிடக் கேவலமாகத் தெரிந்தது. மருமகள் முதல் முறையாக இந்த வீட்டுப் பொங்கலுக்கு வருகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. டப்பாவைத் திறந்து, டிஸ்க்கைக் கையால் சுற்றிச் சுற்றி இரண்டு பூச்சு அடித்தேன். சாயங்காலம் வந்த டிரைவர் குனிந்து டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார்.

"சார், யாரு அடிச்சது?"

"நான்தான். எப்படி இருக்கு, பளபளன்னு?"

"இதுலதான் சார் பிரேக் கட்டை புடிக்கும். வழுக்கிடும். தின்னர் போட்டு இப்பவே எடுத்துடறேன்."

"அவன் வந்து ஒரு தடவ பார்க்கட்டும்ப்பா. அப்புறம் எடு. புடிக்கப் புடிக்க தானா போயிடும்னு நீதானே சொன்னே?"

"அது துருவுக்கு சார்..."

"உராய்வைப் பத்தி எனக்கே பாடமா?" என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு சக்கரங்களை மாட்டினார்.

மகன் மருமகளோடு வாடகைக் காரில் வந்து இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்து, "அண்ணே, சூப்பர்! ஷோரூம் தோத்துச்சு" என்றான். வந்த கையோடு, "வாங்க, ஒரு ரவுண்டு போவோம்" என்று முன் சீட்டில் ஏறிவிட்டான். டிரைவர் என்னைப் பார்த்தார். 'அப்புறம் போகலாம்' என்று நான் சொல்லியிருக்கலாம். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

திருவையாறு சாலையில் மெதுவாகத்தான் ஓட்டினார். "என்னண்ணே, உழவு ஓட்டுறீங்களா? கொஞ்சம் மிதிங்க" என்று மகன் கேலி செய்தான். அவனிடம்தானே வேலை கேட்டிருக்கிறார், கொஞ்சம் மிதித்தார். ஒரு வளைவு தாண்டியதும் பாதிச் சாலைக்கு நெல் காய்ந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டியபடி காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவர் பிரேக்கை மிதித்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். சீட்டிலிருந்தே எழும்பி மிதித்தார். வண்டியின் வேகம் குறைந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போய் வண்டி வாய்க்காலில் இறங்கியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகனுக்கு நெற்றியில் நாலு தையல்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார். "யாருங்க இந்த மகாராசன்? மாட்டுக் கொம்புக்கு அடிக்கிறாப்ல டிஸ்க்குக்கு அடிச்சிருக்காரு! பொங்கல் வச்சு சூடமும் காட்டியிருக்கலாம்ல?" நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிரேக் கட்டையில் வெள்ளிப் பெயிண்ட் உருகி அப்பியிருந்தது.

மகன் டிரைவர் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, அப்போதுதான் முதல் முறை பார்ப்பவன் போல டிஸ்க்கைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "நான் காலிப்பருக்கு மட்டும்தான் அடிக்கச் சொன்னேன்."

வார்த்தைக்கு வார்த்தை அது உண்மை. அதைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

"ஆமா தம்பி. தெரியாம அடிச்சுட்டேன்" என்றார் டிரைவர்.

திரும்பி வரும்போது மகன், "இதுகூடத் தெரியாதவரை எப்படிப்பா அங்க கூப்பிடறது?" என்றான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த விசாவில் ஒரத்தநாட்டுப் பையன் ஒருவன் போனான்.

மகன் மஸ்கட்டுக்குத் திரும்பப் பத்து நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மருமகள் முன்னால் வேண்டாம் என்று ஒரு நாள், நெற்றித் தையல் பிரிக்கட்டும் என்று ஒரு நாள். தவக்காலத்தில், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "முதல்ல மகன்கிட்ட சொல்லுங்க. அப்புறம் மூணு அருள்நிறை மரியே சொல்லுங்க" என்றார். மூன்று மந்திரத்தையும் சொன்னேன்.

டிரைவர் அதற்குப் பிறகு என் வீட்டு வேலைக்கு வரவில்லை. ஊரில் யாரும் அவரை நம்பிச் சாவி கொடுக்கவில்லை. டீக்கடையில் 'பெயிண்ட் டிரைவர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அண்ணே, டயருக்கும் ஒரு கோட்டிங் குடுங்களேன்" என்று ஒருவன் கத்தியதை நானே அங்கே நின்று கேட்டிருக்கிறேன். அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போனார். வழியில் என்னைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, "நல்லா இருக்கீங்களா சார், தம்பி போன் பண்ணிச்சா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை வெறும் உபசாரம் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, வாய்க்காலைத் தாண்டி முதன்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அன்னைக்கே சொன்னாரு சார். எங்க தெருவுக்கே தெரியும்" என்றார்.

"பிறகு ஏன் யாருமே கேட்கலை?"

"நீங்க புரபசரு. கேட்டா யாரு நம்புவா? நாங்கதான் சொன்னோம், வேற ஏஜெண்டு வர்றான், அவங்கூடப் போயிடுன்னு. கேக்கலியே. சார் நல்லவரு, மவன்கிட்ட ஒரு நாள் சொல்லிடுவாரு, தம்பியே கூப்பிடும்னு உக்காந்திருந்தாரு. பாஸ்போர்ட்டு தேதி முடியிற வரைக்கும் பார்த்தாரு."

நான் ஏதோ மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? தெரிஞ்சவங்ககிட்டயே வந்து சொல்றீங்க. உங்க மவனுக்குத்தான் தெரியாது. அதுகிட்ட சொல்லுங்க. அந்தப் பேரு மட்டும் அவரவிட்டுப் போவட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. ஒவ்வொரு ஞாயிறும் மகன் கூப்பிடுகிறான். மேட்டூரில் தண்ணீர் திறந்ததைச் சொன்னேன். முட்டி வலியைச் சொன்னேன். போன வாரம், "வேற என்னப்பா?" என்று அவனே கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் தமிழ் படிப்பதை விட்டு வெகு காலமாகிறது. இதை நான் இங்கே எழுதத் துணிந்ததும் அதனால்தான் என்று தோன்றுகிறது.