நின்ற வண்டி குடித்த பெட்ரோல்

1. ஏனாத்தூருக்கு அப்பால் எங்களுக்கு இருந்த நிலத்தில் பாதியை விற்றோம்.
2. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து நைனா ஒரு பழைய ஜீப் வாங்கினார். வெளிநாட்டு வண்டி, ஆறு சிலிண்டர், பெட்ரோல்.
3. வாங்கிய எட்டாவது மாதம் நைனா இறந்தார். இதயம் என்றார்கள்.
4. காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் வண்டியை விற்றுவிடலாம் என்றான். அம்மா கூடாது என்றாள்.
5. கணக்குப் பார்க்கும் வேலை தங்கையான எனக்கு வந்தது.

நான் மெக்கானிக்கல் முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். யார் என்ன கேட்டாலும் செய்தேன். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன். கணக்குப் பார்க்கச் சொன்னதும் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன்.

அம்மாவின் பேச்சு ஒரே பேச்சுதான். “ஆசப்பட்டு வாங்கனாரு. எட்டு மாசம் ஆச தீர சுத்தனாரு. அத நான் விக்க மாட்டேன்.”

“சுத்த இப்ப ஆள் இல்லியேம்மா,” என்றான் அண்ணன். “அது லிட்டருக்கு எவ்ளோ ஓடுதுன்னு தெரியுமா ஒனக்கு?”

“மாடு கட்டனா தீனி போட மாட்டியா?”

“மாடு பால் குடுக்குதும்மா.”

“அப்ப இதையும் சம்பாதிக்க வையி. அது தீனிய அதுவே சம்பாதிச்சிக்கிச்சின்னா நிக்கட்டும். இல்லன்னா அப்ப பேசு.”

அவ்வளவுதான் ஒப்பந்தம். வண்டி தன் செலவைத் தானே சம்பாதித்தால் எங்களுடன் இருக்கும்.

டேஷ்போர்டு அறையில் பெட்ரோல் பங்க் பில்கள் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. நைனா எந்த ரசீதையும் எறிய மாட்டார். வாங்கிய அன்றைய மீட்டர் எண் விற்பனைப் பத்திரத்தில் இருந்தது. எட்டு மாதத்தில் 1,860 கிலோமீட்டர். பில்களைக் கூட்டினால் 610 லிட்டர். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்.

மூன்று என்பது லாரிக்கே குறைவு. நானும் அண்ணனும் டேங்கை நிரப்பிக்கொண்டு வாலாஜாபாத் போய்த் திரும்பி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிப் பார்த்தோம். ஆறு வந்தது. இன்னொரு நாள் போனோம். அப்போதும் ஆறு. ஒழுகுகிறதோ என்று இரவு முழுவதும் வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்தேன். காலையில் அட்டை காய்ந்துதான் இருந்தது.

“நைனாவுக்கு கியர் மாத்த வராதுமா,” என்றான் அண்ணன். “டிராக்டர் ஓட்டன காலு. சீட்டப் பாத்தியா, ஈஸி சேர் மாதிரி சாச்சி வச்சிக்கினு ஓட்டியிருக்காரு.” முதல் நாளே அவன் அந்த இருக்கையை நிமிர்த்திவிட்டான். நான் நோட்டில் ‘வேறுபாட்டுக்குக் காரணம்: ஓட்டும் முறை’ என்று எழுதினேன்.

ஆறும் போதாது. அதனால் கேஸ் கிட் பொருத்தினோம். பின்பக்கம் ஒரு சிலிண்டர், முன்னால் ஒரு ஸ்விட்ச். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் கேஸுக்கு மாற்ற வேண்டும். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு பாதியாகக் குறைந்தது. ஆனால் காஞ்சிபுரத்தில் அப்போது வண்டிக்கு கேஸ் போட இடம் இல்லை. சென்னைப் பக்கம்தான் போக வேண்டும். போய் நிரப்பி வீடு திரும்புவதற்குள் நிரப்பியதில் கணிசமான பங்கு தீர்ந்துவிடும். ஆகவே சென்னை சவாரி கிடைத்தால் மட்டுமே கேஸ், உள்ளூருக்குப் பெட்ரோல் என்று பிரித்தேன். டயர், ஆயில், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாவற்றையும் கிலோமீட்டரில் வகுத்து ஒரு கட்டண அட்டை தயாரித்தேன். அண்ணன் அதை ஜெராக்ஸ் எடுத்து பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் கொடுத்தான்.

மூன்று மாதம் ஓடியது. முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள், விமான நிலையம் போகிறவர்கள். நோட்டில் வரவு செலவைவிடச் சற்றே மேலே நின்றது. அம்மா தினமும் கேட்பாள், “தின்னதுக்கு சம்பாதிச்சிச்சா?” நான் ஆமாம் என்பேன். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போவாள்.

பிறகு பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் வரை, சாயங்காலம் ஐந்து மணிக்கு. வண்டியைப் பூவால் மூடிவிட்டார்கள். மேளத்துக்குப் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில்கூட இல்லை, அதற்கும் குறைவு. ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று ஒரு பாட்டு. வீட்டுக்கு வீடு ஆரத்தி. நான் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள மண்டப வாசலில் நின்றிருந்தேன். எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஜன்னலோரம் நடந்துகொண்டே வந்தார்.

“ஏசிய நிறுத்திடாதபா. மாப்ளைக்கு பவுடர் கரையுது.”

“வண்டி சூடாவுது சார்,” என்றான் அண்ணன்.

“எங்க மாப்ளயே சூடாத்தான் கீறாரு, வண்டிக்கு இன்னா?”

கூட்டம் சிரித்தது. இறங்கியதும் மாமா என் கட்டண அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

“கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு போட்டுக்கீறீங்க. மீட்டர் ரெண்டு கூட காட்டல. போவட்டும், நம்ம வீட்டு கல்யாணம், அஞ்சா கணக்கு பண்ணிக்கோ.” ஒரு தாம்பூலப் பையையும் கொடுத்தார்.

“மூணு மணி நேரம் சார்!”

“நேரம்னு இதுல எங்கபா எழுதிக்குது? படிச்சவங்க போட்டதுன்னு நீதான சொன்ன?”

அண்ணன் என்னைப் பார்த்தான். அட்டையில் நேரம் என்று எங்கும் இல்லை. ஓடும் வண்டிக்கு மட்டுமே விலை போட்டிருந்தேன்.

மறுநாள் காலையில் டேங்கை மறுபடி நிரப்பினேன். 1.8 கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர். மணிக்கு இரண்டு. நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு ‘நின்ற நேரம்’ என்று தலைப்பு எழுதினேன். எழுதியதும் பில் கட்டு நினைவுக்கு வந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு பின்வருமாறு கணக்கிட்டேன்.

1,860 கிலோமீட்டருக்கு, ஆறு வீதம், 310 லிட்டர். பில்களில் 610. மிச்சம் 300. மணிக்கு இரண்டு லிட்டர் என்றால் நூற்றைம்பது மணி நேரம். எட்டு மாதத்தில் நூற்றைம்பது மணி நேரம் நைனா எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, எங்கோ நின்றிருக்கிறார்.

நைனா நிலத்துக்குப் போகும் வழி என்பதால் சைக்கிளில் வாலாஜாபாத் சாலைக்குப் போனேன். புளியமரத்தடியில் டீக்கடை வைத்திருந்த அம்மாளுக்கு வண்டி நன்றாகத் தெரிந்திருந்தது.

“இங்கதாம்மா நிக்கும். கண்ணாடிய ஏத்திக்கினு, சீட்ட சாச்சிக்கினு கண்ண மூடிக்கினு இருப்பாரு. குடுத்து வச்சவருன்னு நெனப்பேன்.”

கடைசி நாளில் மருத்துவர் எங்களிடம் கேட்டது: படுத்தால் மூச்சு முட்டும் என்றாரா, எத்தனை நாளாக? எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் அவர் நாற்காலியில்தான் தூங்கினார். முதுகு வலி என்றார். நாங்கள் தைலம் தேய்த்தோம்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அண்ணன் மறுபடியும், நைனா முதல் கியரிலேயே ஓட்டி எஞ்சினைக் கெடுத்துவிட்டார் என்று தொடங்கினான். இல்லை என்றேன். நோட்டைக் கொண்டுவந்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். அம்மா ரசக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப அவரு சுத்தலியா?”

“சுத்தலமா. நின்னுக்கினு இருந்துருக்காரு.”

“மூச்சுக்கா?”

“ஆமா.”

“என்னாண்ட சொல்லிருந்தா நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போயிருப்பேன்.”

“அதனாலதான் சொல்லல போலக்குது,” என்றான் அண்ணன்.

அம்மா அவனுக்கு ரசம் ஊற்றினாள். பிறகு எனக்கு. “வித்துடுங்க,” என்றாள்.

“இந்த மாசம் கூட வரவுதாம்மா,” என்றேன். உண்மைதான். ஊர்வலத்தைச் சேர்த்தாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கட்டணத்தில் மணிக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நிற்கும்.

“சம்பாதிக்கலன்னு சொல்லல. ஆச தீர சுத்தனாருன்னுதான் வச்சிருந்தேன்.”

வண்டியை ஆரணியிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். கேஸ் கிட்டுக்குத் தனியாகப் பணம் தரவில்லை. லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டார். ஓடினால் ஆறு, நின்றால் மணிக்கு இரண்டு லிட்டர் என்று சொன்னேன். இரண்டாவது எதற்கு என்று கேட்டார். இரண்டையும் எழுதியே கொடுத்தேன்.

இப்போது கொட்டகை காலியாக இருக்கிறது. அண்ணன் தவணையில் ஒரு டீசல் வேன் எடுத்து ஓட்டுகிறான். எனக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. பில் கட்டு அம்மாவின் பீரோவில் இருக்கிறது.