மல்லிக்கொடியும் எர்த் ஒயரும்

அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவுக்குத் ‘தெரியாது’ என்று சொல்லிப் பழக்கமே கிடையாது. கடலூரிலிருந்து அவர் ஓர் இசைத்தட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பழைய பாட்டென்றால் அப்பா உயிரை விடுவார். அதை வைத்தே அவரை வளைத்துவிடலாம் என்பது மாமாவின் கணக்கு.

மாமா கடலூரில் ஒரு டீச்சரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அம்மா தம்பியோடு பேசுவதில்லை. அம்மாவின் அப்பாவான கீரப்பாளையம் தாத்தாவிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் அப்பா ஒருவர்தான். பெட்டி அந்த டீச்சர் வீட்டார் கொடுத்தனுப்பியது. இதெல்லாம் என் காதில் விழுந்ததுதான், ஆனால் எனக்குப் பாட்டுப் பெட்டி வந்ததே பெரிய சந்தோஷம்.

முதல் நாள் அருமையாகப் பாடியது. மறுநாள் முள்ளை வைத்தால், பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி ஓர் இரைச்சல்.

“என்ன மச்சான், அவுங்க வூட்டுப் பொருளு இப்பிடி இருக்குது?” என்றார் அப்பா. “மொதல்ல இது அடங்கட்டும். மத்தத அப்பறம் பேசிக்கலாம்.”

மாமாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் தைரியம் குறையவில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகினார். பிரிட்ஜை நிறுத்தினார். பெட்டியின் இரும்புத் தகட்டில் விரலை வைத்ததும் இரைச்சல் சட்டென்று தணிந்தது.

“பாத்தீங்களா? எர்த் கெடைக்கல. நான் அப்பவே நெனச்சேன்!”

கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த குழியில் மாமா பக்கெட் பக்கெட்டாகக் கொட்டினார். இரைச்சல் இம்மியும் குறையவில்லை.

“மீனு வளக்கலாம் போலருக்கே” என்றார் அப்பா.

மாமா பெட்டியைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு திருகாணி மட்டும் வெறுமனே நின்றது.

“இங்க ஒரு பச்ச ஒயர் இருந்துதே!”

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டில் துண்டுக் கயிறுகூடக் குப்பைக்குப் போகாது. காலையில் கூட்டும்போது துடைப்பத்தோடு கழன்று வந்த ஒயரில் பிளக் எதுவும் இல்லாததால், வேண்டாதது என்று நினைத்து வாசலில் சாய்ந்து கிடந்த மல்லிக்கொடியை அதனால் தூக்கிக் கட்டியிருந்தாள். பச்சை இலைக்குள் பச்சை ஒயர் யார் கண்ணுக்கும் படவில்லை.

அம்மா போய் முடிச்சை அவிழ்த்தாள். கொடி மறுபடி தரையில் சரிந்தது. ஒயரை மாமாவிடம் நீட்டினாள்.

“இந்தா தம்பி. கொடிக்கு வேற கயிறு பாத்துக்கலாம்.”

மாமா அதை வாங்கிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். ஒயரை மாட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டி இரைச்சல் இல்லாமல் பாடியது. அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழம கீரப்பாளையம் போயிட்டு வரேன்” என்றார்.

ஓர் ஒயர் கிடைத்ததற்கா இவ்வளவு பெரிய ஆள் அழுவார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அம்மாமேல் கோபம்கூட வந்தது. மொட்டு விட்டிருந்த கொடியை அப்படியே தரையில் போட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு மாமாவின் தட்டில் இன்னொரு தோசையை வைத்துக்கொண்டிருந்தாள்.