தேயாத ஓட்டைக்காலணா

அம்மா போன பிறகு அவளுடைய பவுடர் டப்பாவைத் திறக்க எனக்கும் தம்பிக்கும் இரண்டு மாதம் ஆனது. உள்ளே என்ன இருக்கும் என்பது தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக்காசுகள், நடுவில் ஓட்டை போட்ட காலணாக்கள். கல்யாணமாகி வரும்போது அவளுடைய அப்பா ஒரு கயிற்றில் கோர்த்துக் கொடுத்து அனுப்பியவை. எல்லாமே புழக்கத்துக்குப் போகாத புதுக்காசாகப் பார்த்துச் சேர்த்தது என்று பெருமையாகச் சொல்வாள். எங்கள் அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அம்மாவோடு பிறந்தவர்கள், அப்பாவின் பங்காளிகள் எல்லாரும் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் அவள்தான் கடைசி. ஆகவே டப்பாவில் பங்கு கேட்க எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை.

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்து தீட்டுக் கழிக்கிற அன்று இடுப்பில் கறுப்புக்கயிறு கட்டி, அதில் ஓர் ஓட்டைக்காலணாவைக் கோர்த்துவிடுவார்கள். கண்ணேறு படாது என்று ஒரு நம்பிக்கை. குழந்தை வளர வளரக் கயிற்றை அவிழ்த்துப் பெரிதாகக் கட்டுவார்களே தவிர அறுக்க மாட்டார்கள். கத்தரிக்கோலை எடுத்தாலே அம்மா சத்தம் போடுவாள். செத்தவர்களுக்குத்தான் கயிற்றை அறுப்பார்கள். எனக்குக் கட்டியது, தம்பிக்குக் கட்டியது, எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டியது எல்லாம் இந்தக் காசுகள்தான். சொந்தத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அம்மா ஒன்றைக் கொடுத்து அனுப்புவாள். அது வளர்ந்து டவுசர் போடும் வயதில் காசு டப்பாவுக்குத் திரும்பி வந்துவிடும்.

தம்பிக்குப் பாலக்கோடு பக்கம் தக்காளி வெள்ளாமை. போன கோடையில் கிணறு வற்றி, போர் ஓட்டினான். ஆயிரம் அடிக்கு மேல் போயும் புகைதான் வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் போனில் யாரோ ஒரு புண்ணியவான், ஓட்டைக்காசு வைத்திருப்பவர்கள் எல்லாம் லட்சாதிபதிகள் என்று கத்திக்கொண்டிருந்தான். அவனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். தம்பி அந்த வீடியோவை எனக்கும் அனுப்பினான். பிறகு வந்து உட்கார்ந்தான்.

"லட்சமெல்லாம் வேணாங்க்கா. இன்னொரு போர் ஓட்டுற அளவுக்கு வந்தா போதும். தண்ணி இல்லாம அந்த வூட்ல உக்காந்து நான் என்ன பண்றது?"

அவன் முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை. தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நாணயக் கண்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே காட்டலாம் என்றேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தேன். ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல எல்லாக் காசுகளையும் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அழுக்குப் பாவாடையோடு நிறுத்துவோமா? டப்பாவின் அடியில் மட்டும் சின்னத் துணிமுடிச்சு ஒன்று இருந்தது. அம்மாவின் பழைய சேலைக் கிழிசல். இறுகிப்போன முடிச்சு, நகம் போனதுதான் மிச்சம். அப்படியே பையில் போட்டுக்கொண்டேன்.

கண்காட்சி என்று பெயர், பாதிக்கு மேல் வியாபாரம்தான். சேலத்துக்காரர் ஒருவரின் மேசையில் எங்கள் காசுகளைப் பரப்பினோம். ஒன்றை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். முகம் சுருங்கியது.

"புளி போட்டீங்களாம்மா?"

"ஆமாங்க. அழுக்கா இருந்துச்சுங்க."

"அது அழுக்கு இல்லீங்க. அந்த நிறம் வர்றதுக்குத்தான் இத்தன வருஷம் ஆவுது. தேச்ச காச எவனும் தொட மாட்டான்."

அதோடு விடவில்லை. லென்ஸை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஓட்டைக்கு மேலே இருக்க வேண்டிய கிரீடம் வழித்துவிட்டாற்போல இருந்தது. எழுத்துகள் பாதிக்கு மேல் இல்லை. "புளி போடலேன்னாலும் பெரிசா ஒண்ணும் வந்திருக்காதுங்க. நல்லா ஒரசியிருக்குது" என்றார். குழந்தைகள் இடுப்பில் கிடந்தவை என்றேன். தவழ்ந்து, மண்ணில் புரண்டு தேய்த்திருக்கிறோம். அவனுடைய போர் அந்த மேசையிலேயே மூடிப்போனது.

கடைசியாக முடிச்சை நீட்டினேன். அவர் துணியை மட்டும் கத்தரித்துப் பிரித்தார். உள்ளே கறுப்புக்கயிற்றில் ஒரு காசு. கயிற்றிலிருந்து காசை உருவிக்கொண்டு, கயிற்றையும் துணியையும் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். இந்த முறை லென்ஸ் வெகுநேரம் கண்ணிலேயே இருந்தது.

"இது மட்டும் அப்படியே இருக்குதுங்க. யூஎன்சின்னு சொல்வோம், புழங்காத காசு. கிரீடத்துல ஒரு கோடு தேயல. யாரோ ரொம்பப் பத்திரமா வெச்சிருந்திருக்காங்க."

"எங்கம்மாங்க" என்றான் தம்பி. அன்று முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தான்.

அவர் கொடுத்தது எங்கள் இரண்டு பேரின் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். வந்தவரைக்கும் வரட்டும் என்று தம்பி வாங்கிக்கொண்டான். நானும் தடுக்கவில்லை. தேய்ந்த காசுகளைத் திரும்பப் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு, வெளியே ஒரு கடையில் டீ சொன்னோம்.

"அந்த ஒண்ணு மட்டும் ஏன்க்கா புதுசாவே இருந்துச்சு?"

"யாருக்கும் கட்டியிருக்க மாட்டா. எடுத்து வெச்சிருப்பா."

"கட்டாத காசுக்குக் கயிறு எதுக்குக்கா?"

டீயை வாயில் வைத்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டேன். சேலத்துக்காரர் கையில் அந்தக் கயிற்றைப் பார்த்தது அப்போதுதான் ஞாபகத்தில் வந்து நின்றது. குட்டைக்கயிறு. ஒரு சொம்பின் கழுத்தைச் சுற்றினால் தீர்ந்துவிடும். கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது. வேறு இடத்தில் அறுத்திருந்தார்கள்.

நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது அம்மா ஒருமுறை சொன்னாள். "எனக்கு மொதல்ல ஒண்ணு பொறந்து தங்கலடி. நீ பாத்து பதனமா இரு." அவ்வளவுதான். எனக்கு என் வயிற்றைப் பற்றிய பயம். அவளிடம் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. பிறகு எத்தனையோ வருடம் ஒரே ஊரில் இருந்தும் அவளும் சொல்லவில்லை. அந்தக் காசு தேய்வதற்கு அந்தக் குழந்தை தவழ்ந்திருக்க வேண்டும். தவழும்வரைகூட இருக்கவில்லை. அந்த மனுஷன் புழங்காத காசு என்று மெச்சிக்கொண்டது அதைத்தான்.

தம்பியிடம் சொன்னேன். அவன் டீக்குக் காசு கொடுக்கக்கூட மறந்து மண்டபத்துக்குள் ஓடினான். பின்னாலேயே டீக்கடைக்காரர் கூப்பிட, நான் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் வாங்கிய ரூபாயைத் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பவே போயிடுச்சுங்களே. பாத்ததும் ஒருத்தர் எடுத்துக்கிட்டாரு" என்றார் சேலத்துக்காரர்.

"யாருங்க? எந்த ஊருங்க?"

"தெரியலீங்களே. வர்றாங்க, வாங்குறாங்க. பேரெல்லாம் யாரு கேக்குறா?"

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. தம்பி மண்டபம் முழுக்க ஒவ்வொரு மேசையாகப் போய் விசாரித்தான். நான் குனிந்து மேசைக்கு அடியில் தேடினேன். டீ கப்புகளுக்கும் பிளாஸ்டிக் உறைகளுக்கும் நடுவில் துணி கிடைத்தது, கயிறும் கிடைத்தது. "அதையா தேடுறீங்க? தாராளமா எடுத்துக்கங்கம்மா" என்றார் அவர்.

பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் தம்பி கையை நீட்டினான். கயிற்றைக் கொடுத்தேன். அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து வளையமாக்கி மடியில் வைத்துப் பார்த்தான். தக்காளிக்கூடை தூக்கிக் காய்த்துப்போன கை. ஒரு கை நுழைந்தாலே அந்த வளையம் நிறைந்துவிடும் போலிருந்தது.

"அக்கா, அது நமக்கு அண்ணனா, அக்காவா?"

எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்கலாம் என்று பாலக்கோடு வரும்வரை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நினைத்த அத்தனை பேரும் செத்துப்போனவர்கள்.